யமஹா டிஆர்பிஎக்ஸ் 174: வேலூர் வெயிலுக்குத் தாங்குமா?

முதல் பேஸ் கிட்டார் தேட ஆரம்பித்தால் சீக்கிரமே கண்ணில் படும் பெயர் யமஹா டிஆர்பிஎக்ஸ் 174. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஞாயிறு ஆராதனை, கல்லூரி பேண்ட், ஆடி மாதத் திருவிழா மேடை, மூன்றுக்கும் இது தாராளமாகப் போதும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே வாசித்துக்கொண்டிருந்தால் இதன் பாதிக் குணம்கூட வெளியே வராது. வேலூரின் சித்திரை வெயில் நெக்கை (விரல் வைத்து அழுத்தும் நீண்ட கழுத்தை) ஒரு பக்கம் இழுக்கும், ஐப்பசி மழை மறுபக்கம் இழுக்கும். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்யத் தயாராக இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

நான்கு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 24 ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்), உடலோடு போல்ட் போட்டு இணைத்த நெக். கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பிக்கப் இரண்டு. நெக் பக்கம் இருப்பது இரண்டு துண்டாகப் பிரிந்த பி வகை, பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் மாட்டப்படும் இடம்) பக்கம் நீளமான ஒற்றைத் துண்டாக ஜே வகை. 1951-ல் வந்த ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் 1957-ல்தான் இந்தப் பிரிந்த பிக்கப்புக்கு மாறியது. ஜே வகை 1960-ன் ஜாஸ் பேஸ் வழி வந்தது. இரண்டையும் ஒரே கருவியில் வைத்ததால், திமுதிமுவென்று தரையில் நிற்கும் ஒலியும் கிடைக்கும், விரல் நுனி தெரியும் கூர்மையும் கிடைக்கும். குமிழ் மூன்று: ஆளுக்கொரு வால்யூம், பொதுவாக ஒரு டோன்.

பேட்டரி கிடையாது. குறையாகச் சிலர் சொல்லும் இதுதான் இந்தக் கருவியின் பெரிய பலம் என்பேன். பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ள ஆக்டிவ் பேஸில் ஒயரைப் பிடுங்காமல் வைத்துவிட்டால் 9 வோல்ட் பேட்டரி இரவோடு இரவாக இறங்கிக்கொண்டே இருக்கும். மறுநாள் பாட்டு நடுவில் ஒலி கரகரத்துத் தேயும். இதில் அந்தப் பயமே இல்லை. உள்ளே இருப்பது மூன்று பொட்டென்ஷியோமீட்டர், ஒரு கப்பாசிட்டர், ஒரு ஜாக், கொஞ்சம் ஒயர். எது போனாலும் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பவர் 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்துச் சரிசெய்துவிடலாம். குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பட்டணத்துக்காரர்களுக்குப் புரியாது.

கையின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் சிறு பட்டை) முதல் ஃப்ரெட் வரை ஏறக்குறைய 48 மில்லிமீட்டர். நாலாவது ஃப்ரெட் வரை கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர். கிட்டாரிலிருந்து வருபவர்கள் அதே பழக்கத்தில் ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று நீட்டி மணிக்கட்டை வலிக்க வைத்துக்கொள்கிறார்கள். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றை மட்டும் வைத்து மூன்று ஃப்ரெட்டை எடுங்கள். மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாக ஒட்டி வரட்டும். நாலாவது ஃப்ரெட் வேண்டுமென்றால் கையையே நகர்த்துங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்றால் இந்தக் கருவியே வேண்டாம். ஐபானெஸ் மைக்ரோ ஜிஎஸ்ஆர்எம் 20 என்று 28.6 அங்குல ஸ்கேலில் ஒன்று இருக்கிறது. அதில் முதல் ஃப்ரெட் 41 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும்.

இனி வாங்கும் இடம். வேலூரில் கிட்டார் விற்கும் கடையில் பேஸும் இருப்பு இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்துச் சென்னை போய், அண்ணா சாலையில் 1842 முதல் நடக்கும் மியூசி மியூசிகல் மாதிரிக் கடையில் இரண்டு மூன்றை எடுத்து வாசித்துப் பார்த்து வாங்குவதுதான் நல்லது. ஒரே மாடலில் இரண்டு கருவி ஒன்றுபோல இருக்காது.

கடையில் நேரம் போதவில்லை என்றாலும் இவற்றை விடாதீர்கள். கருவியை ட்யூன் செய்யச் சொல்லிவிட்டு, பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நெக்கை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். லேசாக முன்பக்கம் குழிந்திருக்கலாம், முறுக்கிக்கொண்டு இருக்கவே கூடாது. குழிவைத் திருகிச் சரிசெய்யலாம், முறுக்கலுக்கு மருந்து இல்லை. அடுத்து நாலு கம்பியிலும் முதல் ஃப்ரெட்டிலிருந்து 24 வரை ஒவ்வொன்றாக மெதுவாக மீட்டுங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் ஒலி செத்துப் போனாலோ கிர்ரென்றாலோ அந்த ஃப்ரெட் தாழ்ந்திருக்கிறது, இல்லையென்றால் அதற்கு அடுத்தது எழும்பியிருக்கிறது என்று அர்த்தம். வேறு பீஸ் கேளுங்கள். கட்டைவிரலை நெக்கின் இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனை கீறக் கூடாது. கடைசியாக, ஒயர் சொருகிய நிலையில் ஜாக்கை லேசாக ஆட்டுங்கள், குமிழ் மூன்றையும் முழுக்கத் திருகுங்கள். கரகரப்பு கேட்கக் கூடாது.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பெட்டி பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிட்டு, உடனே கம்பியை முறுக்காமல் ஒரு இரவு வீட்டுக் காற்றில் விட்டு வையுங்கள். மே மாதத்தில் டெலிவரி வண்டிக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான விஷயம், நெக். 45-லிருந்து 100 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கனம் உள்ள சாதாரணக் கம்பி செட் ட்யூன் ஆகி நிற்கும்போது நெக் மேல் மொத்த இழுவிசை 75 கிலோவை ஒட்டி இருக்கும். ஒரு ஆள் தொங்குகிற மாதிரி. அந்த இழுவைக்கு எதிராக உள்ளே ஓடும் இரும்புக் கம்பிதான் ட்ரஸ் ராட். காற்றில் ஈரம் ஏறினால் மரம் ஊதும். பெரும்பாலான நெக்குகள் முன்பக்கம் குழிந்து கம்பி உயரும். கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, காற்று வறண்டால் மரம் சுருங்கும். நெக் நேராகி, முதல் நாலைந்து ஃப்ரெட்டில் கம்பி உரச ஆரம்பிக்கும். சில நெக் இதற்கு நேரெதிராகவும் நடந்துகொள்ளும், அதனால் காலண்டரை நம்பித் திருகாமல் அளந்து பார்த்துத் திருக வேண்டும். வேலூருக்குப் பங்குனிக் கடைசியில் ஒரு முறை, கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகைகள் சூடுபிடிப்பதற்கு முன்பு நவம்பர் நடுவில் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

வரிசை மாறக் கூடாது: ட்யூனிங், நெக் குழிவு, கம்பி உயரம், சுரத் திருத்தம், பிக்கப் உயரம். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதைப் பொறுத்தே நிற்கும். உயரத்தை முதலில் சரிசெய்துவிட்டு நெக்கைத் திருகினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

புதுக் கம்பியோடு, கனமான கம்பியிலிருந்து மெல்லியது வரை இ ஏ டி ஜி என்று ட்யூன் செய்துகொள்ளுங்கள். கனமான இ கம்பி 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால் கிளிப் ட்யூனர் தடுமாறும். 12-வது ஃப்ரெட் மேல் கம்பியை அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டபடி மீட்டி ஹார்மோனிக் எடுத்தால் 82 ஹெர்ட்ஸ் வரும், முள் ஆடாமல் நிற்கும். பிறகு இ கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடது கையாலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் வலது முழங்கையாலோ சுண்டுவிரலாலோ அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர்கோல். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு நல்ல விசிட்டிங் கார்டு ஏறக்குறைய அந்தக் கனம்தான்: கம்பியைத் தூக்காமல், தொளதொளவென்றும் ஆடாமல், உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராடை வலப்பக்கம், இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுக்கும்போது கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் திருகுக்குப் பாரம் குறையும். மறுபடி ட்யூன் செய்து, சில மணி நேரம் விட்டு, மறுபடி அளங்கள். முரண்டு பிடிக்கும் ட்ரஸ் ராடைப் பலம் போட்டுத் திருகினால் அது அறுந்துவிடும். அறுந்தால் நெக்கையே மாற்ற வேண்டியதுதான். பொருந்தாத ஆலன் கீயைத் திணிப்பதும் அதே ரகம், குழி மழுங்கிப் போகும். கருவியோடு வரும் சாவியைத் தொலைக்காதீர்கள்.

கம்பி உயரத்தை 12-வது ஃப்ரெட்டில் ஸ்டீல் ஸ்கேலால் அளக்கலாம்: இ கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், ஜி கம்பிக்கு 2. ஓங்கி மீட்டுகிறவர் கால் மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளட்டும். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடிலின் இரண்டு திருகும் சமமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் மீட்ட மீட்டச் சேடில் நகரும். கம்பி உரசுவது எங்கே என்பதே காரணத்தையும் சொல்லும். முதல் ஐந்து ஃப்ரெட்டில் மட்டும் என்றால் நெக் ரொம்ப நேராகிவிட்டது. 12-க்கு மேலே மட்டும் என்றால் சேடில் தாழ்ந்திருக்கிறது. எல்லா இடத்திலும் என்றால் பெரும்பாலும் உயரமே போதவில்லை.

சுரத் திருத்தத்துக்கு, 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் ஒன்று, அதே இடத்தில் அழுத்தி ஒன்று. அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கி ஒலித்தால் முன்னால். இ கம்பியின் சேடில்தான் எல்லாவற்றையும்விடப் பின்னால் போய் நிற்கும். பார்க்கக் கோணலாகத்தான் இருக்கும், அதுதான் சரி. பழைய கம்பியை வைத்து இந்த வேலை செய்யாதீர்கள், வியர்வை ஏறிய கம்பி எப்படித் திருகினாலும் சேராது. பிக்கப்பைப் பொறுத்தவரை கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி இ பக்கம் 3, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர் விட்டால் நாலு கம்பியும் சமமாகப் பேசும். காந்தம் கம்பிக்கு ரொம்பக் கிட்ட வந்தால் கம்பியைத் தானே இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுரம் அலையும்.

வெயில் காலத்தில் இன்னொரு தொந்தரவு: ஃப்ரெட் பலகை சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்தி விரலைக் கீறும். நெக்கின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மிக நுண்ணிய அரத்தால் முனையை மட்டும் 45 டிகிரி சாய்வில் தேய்த்தால் போதும். உப்புத்தாளை நெக் மேல் ஓட்டிவிடாதீர்கள். கருவியை ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலும், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையின் மேல் பரணிலும் வைக்க வேண்டாம்.

கம்பி மாற்றும்போது நிறையப் பேர் செய்யும் தவறு ஒன்று. ட்யூனிங் கீயைத் தாண்டி 10 முதல் 12 சென்டிமீட்டர் விட்டு, முதலில் கம்பியைச் செங்கோணமாக மடித்துக்கொண்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் நீட்டியபடி வெட்டினால் மேல் சுற்று உள்கம்பி மேல் வழுக்கித் தளர்ந்து, புதுக் கம்பியே செத்த மாதிரி ஒலிக்கும். முனையைக் கம்பத்தின் குழிக்குள் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று. டடாரியோ இஎக்ஸ்எல் 170 (45, 65, 80, 100) இந்த நெக்குக்குச் சரியான கனம். ஃப்ளாட்வவுண்ட் (வழுவழுப்பான, தட்டையாகச் சுற்றிய கம்பி) போட ஆசைப்பட்டால் இழுவிசை கூடும், ட்ரஸ் ராடை மறுபடி பார்க்க வேண்டும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடையுங்கள். இந்த ஊர் வியர்வைக்கு அதைச் செய்தவரின் கம்பி செய்யாதவரின் கம்பியைவிட இரண்டு மடங்கு நாள் தாராளமாக வரும்.

மேடைக்கு வருவோம். ஜே பிக்கப்பை மட்டும் திறந்தால் டியூப் லைட்டுக்கும் டிம்மருக்கும் பக்கத்தில் ம்ம்ம் என்று இரையும். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு அது, பழுது அல்ல. பி பிக்கப்பின் இரண்டு துண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் இரைச்சலைத் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். அதனால் பி முழுவதும், ஜே பாதி என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டு அங்கிருந்து தேடுங்கள். இந்த இரைச்சலில் வேடிக்கையான சங்கதி ஒன்று: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். பாட்டு ஜி-யில் நிற்கும்போது இரைச்சலும் சுரமும் ஒன்றோடொன்று மோதி அலையலையாகத் துடிக்கும். அந்த ஒரு சுரத்தில் மட்டும் ஒலி வீங்கி வீங்கித் தணிந்தால் கருவியைச் சந்தேகிக்காமல் எர்த்தைப் பாருங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? கருவியின் எர்த் ஒயர் பிரிட்ஜுக்கு அடியில் சரியாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தொட்டதும் கூடுகிறதா? மேடையின் எர்த்தில் கோளாறு இருக்கலாம்.

திறந்தவெளித் திருவிழா மேடையில் ஜெனரேட்டரில் ஓடும்போது இது உயிர் விஷயம். பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை மைக்கின் வலைத் தலையிலும் வைத்துப் பாருங்கள். அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பத்து இருபது வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சவுண்ட் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்யும்வரை மைக்கில் உதடு படக் கூடாது. இரைச்சல் போக வேண்டுமென்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்களைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள். அதற்குத்தான் டிஐ பாக்ஸில் (கருவியை மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி) ஒலி ஒயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறது.

சபையிலோ கல்யாண மண்டபத்திலோ மிக்சரில் நேராகச் சொருகினால் ஒலி மங்கும்; இடையே ஒரு டிஐ பாக்ஸ் வேண்டும். இது மாதிரிப் பேட்டரி இல்லாத பாசிவ் பேஸுக்கு ஆக்டிவ் டிஐ நல்லது, மிக்சரின் 48 வோல்ட்டிலேயே ஓடும். எதிரொலிக்கும் பெரிய கட்டடங்களில் 200 முதல் 300 ஹெர்ட்ஸைக் குறைத்து, 80 பக்கம் லேசாக ஏற்றி, விரல் தெரிய 800 பக்கம் கொஞ்சம் ஏற்றினால் குவயரோடு சண்டை போடாமல் நிற்கும். அதைவிட எளிய வழி, பிரிட்ஜுக்கு முன்னால் கம்பிக்கு அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் கனமுள்ள சோபா ஃபோம் துண்டைச் செருகுவது. ஒவ்வொரு சுரமும் மீட்டியதும் அடங்கும், கீர்த்தனையின் சொற்கள் தெளிவாகக் கேட்கும். வீட்டுக்கு 15 முதல் 25 வாட் பயிற்சி ஆம்ப் போதும். டிரம்ஸோடு ஒத்திகை என்றால் 100 வாட்டுக்குக் கீழே வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இதே தரத்தில் ஐபானெஸ் ஜிஎஸ்ஆர் 200-ம் இருக்கிறது: 22 ஃப்ரெட், இதே பி, ஜே பிக்கப், கூடவே பேட்டரியில் ஓடும் பேஸ் பூஸ்ட். யமஹாவிலேயே டிஆர்பிஎக்ஸ் 304-க்கு ஏறினால் ஆக்டிவ் சர்க்யூட் கிடைக்கும். முதல் கருவிக்கு 174-ஐ எடுத்துவிட்டு, மிச்சப் பணத்தில் நல்ல ஒயர், டிஐ பாக்ஸ், ஒரு செட் கம்பி வாங்குவதே என் பரிந்துரை.

ஜாக் நட் தளரும், கவனியுங்கள். இந்தக் கருவியில் மட்டுமல்ல, எல்லாக் கருவியிலும். தளர்ந்த ஜாக் ஒயரோடு சேர்ந்து சுற்றி, உள்ளே சால்டரை அறுக்கும். உள்பக்கம் ஜாக்கை விரலால் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்க வேண்டும். வெளியே மட்டும் திருகினால் நீங்களே ஒயரை முறுக்கி அறுப்பீர்கள்.

கடைசியாக ஸ்ட்ராப். மூன்றரை, நாலு கிலோவை இரண்டு மணி நேரம் தோளில் சுமக்க மெல்லிய நைலான் பட்டை ஆகாது; தோளை அறுக்கும், வழுக்கி ஹெட்ஸ்டாக்கை (நெக்கின் தலைப்பகுதி) கீழே சாய்க்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில் இருக்கும் ஊரில் இதை ஆன்லைனில் தேட வேண்டுமா? பெல்ட், பை தைப்பவரிடம் அளவு கொடுத்தாலே தைத்துத் தருவார்: அகலம் 8 சென்டிமீட்டர், இரண்டு அடுக்கு, உள்பக்கம் சொரசொரப்பு வெளியே தெரியும்படி, அப்போதுதான் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். முனைகளில் கனம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. துளையை 8 மில்லிமீட்டர் துளைக் கருவியால் அடித்து, பட்டையின் நடுவை நோக்கி ஒன்றரை சென்டிமீட்டர் கீறல் விடச் சொல்லுங்கள். முனையை நோக்கிக் கீறினால் பாரம் அந்தப் பக்கமே இழுத்துக் கிழிந்துவிடும். பட்டன் மேல் மாட்டியபின் ஹார்டுவேர் கடைக் குழாய் ரப்பர் வாஷர் ஒன்றை அதன் மேல் திணித்துவிட்டால் ஸ்ட்ராப் கழலாது. வாஷர் வெயிலில் காய்ந்து வெடிக்கும், கோடை முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.